எழுநூற்று ஆறு வாக்குகள்



தேர்தல் வந்துவிட்டால், தோட்டத்து லயமானாலும் சரி, பட்டணத்துத் தாமானானாலும் சரி, நம்மவர் வாயில் தவறாமல் வரும் பேச்சு ஒன்று உண்டு. “யார் ஜெயிக்கப் போகிறார் என்பது ஊருக்கே தெரியும். நம் ஒரு ஓட்டுப் போய் என்ன ஆகிவிடப் போகிறது?” என்பார்கள். இந்தக் கேள்விக்குப் பினாங்கு மாநிலத்தின் சரித்திரம் நல்ல பதில் வைத்திருக்கிறது. இன்று அதைப் பார்ப்போம்.

1957ஆம் ஆண்டு நாடு சுதந்திரம் பெற்ற நாள் முதல் பினாங்கை ஆண்டு வந்தது கூட்டணிக் கட்சி. முதலமைச்சர் வோங் பாவ் நீ. 1960களின் இறுதியில் பினாங்கு நலிந்தது. சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற பழைய சலுகை பறிபோனது. வியாபாரம் குறைந்து, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. இந்த நேரத்தில், 1968ஆம் ஆண்டு மார்ச் மாதம், கெராக்கான் என்ற புதிய கட்சி தோன்றியது. அதன் முன்னணியில் இருந்தவர்களுள் ஒருவர் டாக்டர் லிம் சொங் யூ.

ஒரு வயது கடந்த அந்தக் கட்சி 1969 மே 10ஆம் தேதி நடந்த தேர்தலில், சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16 இடங்களைக் கைப்பற்றியது. கூட்டணிக்குக் கிடைத்தவை நான்கே இடங்கள். டாக்டர் லிம் முதலமைச்சரானார்.

அதே ஆண்டில் நம் மக்களின் நிலை என்ன? தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் குடியுரிமை இல்லாமல் இருந்தார்கள். குடியுரிமை இல்லாதவர் வேலை பெர்மிட் பெற்றாக வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை வாட்டியது. பிழைப்பை இழந்து, மூட்டை முடிச்சுகளுடன் பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பலேறியவர்கள் பலர். பட்டணத்து மக்கள் ஓட்டுச் சீட்டால் அரசாங்கத்தை மாற்றிய அதே மாநிலத்தில், காலமெல்லாம் பால் மரம் வெட்டிய கைகள் பலவற்றில் ஓட்டுச் சீட்டு இல்லை. இதை நாம் மறந்துவிடலாகாது.

டாக்டர் லிம் 21 ஆண்டுகள் பதவியில் இருந்தார். 1970களில் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை உருவாயிற்று. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. வேலை தேடித் திரிந்த இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே வேலை கிடைத்தது. தோட்டத்துப் பிள்ளைகளும் சீருடை அணிந்து பஸ் ஏறினார்கள். 65 மாடிகள் கொண்ட கொம்தார் கட்டடம் எழுந்தது. 1985இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 1974, 1978, 1982, 1986 எனத் தேர்தல்கள் வந்து போயின. டாக்டர் லிம் அசையவில்லை. இவரை யார் வெல்ல முடியும் என்றே பலரும் எண்ணினர்.

1990 அக்டோபரில் மீண்டும் தேர்தல் வந்தது. எதிர்க்கட்சியான ஜனநாயக செயல் கட்சியின் தலைவர் லிம் கிட் சியாங், முதலமைச்சரின் சொந்தத் தொகுதியான பாடாங் கோத்தாவிலேயே அவரை எதிர்த்து நின்றார். முதலமைச்சருக்கு அப்போது வயது 71. அவர் செய்த நன்மைகளை மக்கள் மறக்கவில்லை. ஆயினும் குறைகளும் சேர்ந்திருந்தன. பினாங்கு மலையில் பெரிய உல்லாச மையம் அமைக்கும் திட்டத்துக்குப் பலத்த எதிர்ப்பு எழுந்திருந்தது.

வாக்குகள் எண்ணப்பட்டன. 21 ஆண்டுகள் ஆண்டவர் தோற்றார். எத்தனை வாக்குகளில் தெரியுமா? 706 வாக்குகளில்!

நேயர்களே, இந்தக் கணக்கைச் சற்றுப் போட்டுப் பாருங்கள். எதிர்த்தரப்புக்கு வாக்களித்தவர்களில் 354 பேர் மட்டும் மனம் மாறி இவருக்குப் போட்டிருந்தால், முடிவே தலைகீழாகியிருக்கும். 354 பேர் என்பது எவ்வளவு? அந்தக் காலத்தில் ஒரு பெரிய தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு வந்து நின்ற கூட்டம், அவ்வளவுதான்.

சட்டமன்றத்தின் 33 இடங்களில் தேசிய முன்னணிக்கு 19, ஜனநாயக செயல் கட்சிக்கு 14. ஆட்சி அமைக்க 17 வேண்டும். ஆகவே ஆட்சி மாறவில்லை, முதலமைச்சர்தான் மாறினார். கெராக்கானைச் சேர்ந்த டாக்டர் கோ சூ கூன் அந்தப் பதவிக்கு வந்தார்.

கதை இத்துடன் முடியவில்லை. 1995இல் லிம் கிட் சியாங் புதிய முதலமைச்சரை எதிர்த்துத் தஞ்சோங் பூங்காவில் நின்றார். இம்முறை தோற்றவர் அவரே. அவருடைய கட்சிக்கு மாநிலம் முழுவதிலும் கிடைத்தது ஒரே ஓர் இடம். 2008 மார்ச் 8ஆம் தேதி காற்று மறுபடியும் திசை மாறியது. 17 ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்த டாக்டர் கோ, பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் பேராசிரியர் பி. இராமசாமியிடம் தோற்றார். தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதிய அந்தப் பேராசிரியர் பின்னர் மாநிலத்தின் துணை முதலமைச்சரானார். மாநில ஆட்சியும் அன்று கைமாறியது.

எந்தக் கட்சி நல்லது, எது கெட்டது என்று சொல்வதல்ல நம் நோக்கம். வென்றவர் எல்லாரும் ஒரு நாள் தோற்றிருக்கிறார்கள். நன்மை செய்தவரும் மக்களிடம் மறுபடி வந்து கேட்டுத்தான் ஆகவேண்டும். தோற்றவரை மக்கள் அவமதித்துவிடவும் இல்லை. 2010இல் டாக்டர் லிம் மறைந்தபின், தீவின் கரையோர விரைவுச்சாலைக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

1990இல் 21 வயது நிறைந்தவர்கள் தாமே போய்ப் பதிந்துகொண்டால்தான் வாக்களிக்க முடியும். 2021 டிசம்பர் முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளராகிவிடுகிறார்கள். ஆனால் ‘குடிமக்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவருக்கும், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கும் அந்த உரிமை இல்லை. தோட்டத்தை விட்டு வந்தபின் கார்டில் விலாசத்தை மாற்றாதவர், ஓட்டுப் போடப் பழைய ஊருக்கே போகவேண்டியிருக்கும்.

ஆதலால் இன்று இரவு, வீட்டில் உள்ள எல்லாருடைய கார்டுகளையும் பத்திரங்களையும் எடுத்துப் பாருங்கள். குறை இருந்தால், தேர்தல் வரட்டும் என்று காத்திராமல், பதிவு இலாகாவுக்குச் செல்லுங்கள். முடிவு தெரிந்ததுதானே என்று யாராவது சொன்னால், பாடாங் கோத்தாவின் 706 வாக்குகளை அவருக்குச் சொல்லுங்கள்.