டிரேட்விண்ட்: படம் சொல்லாத கதை

பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலான 'டிரேட்விண்டின்' போர்க்காலப் படத்தில் நீண்ட உடலையும் பீரங்கியையும் காண்கிறோம். அது புரிந்த செயலைக் காண்கிலோம். 1944 செப்டம்பர் 18-இல் சுமாத்திராவின் மேல்கரைக் கடலில் 'ஜுன்யோ மாரு' என்னும் ஜப்பானியக் கப்பலை அது டார்பிடோவால் பிளந்தது. பகைவரின் சரக்குக் கப்பல் என்றே மாலுமிகள் கருதினர். பக்கான்பாரு ரயில் பாதை வேலைக்கென ஏறத்தாழ 2,300 போர்க்கைதிகளும் 4,200 ஜாவாத் தொழிலாளரும் அதனுள் அடைபட்டிருந்ததை அவர்கள் அறியார். அதைக் காட்டும் அடையாளம் யாதும் கப்பலில் இல்லை. 5,600 பேருக்கு மேல் மாண்டனர். கைதிகளின் பெயர்கள் ஏடுகளில் உள. தொழிலாளர் பெயர்களோ பெரும்பாலும் எழுதப்படவேயில்லை. சயாம் ரயில் பாதையில் மடிந்த நம் தோட்டத் தமிழர் பலர் கதியும் இதுவேயன்றோ? கப்பலின் பெயரை நினைக்குங்கால், 'கூலி' என்பதனாலேயே பெயரிழந்தோரையும் நினைத்தல் நம் கடன்.