துலாவும் அச்சுலக்கையும்

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறொன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், உடுவில், இணுவில், சுன்னாகம் முதலிய ஊர்களின் செம்மண் தோட்டங்களை வளர்த்தது சுண்ணக்கற் பாறையிலூறும் கிணற்று நீரேயாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பரவும்வரை அந்நீரை மேலேற்றியது துலா. துலாவைப் பற்றி எழுதுவோர் மிதிப்பவரின் உழைப்பையும் பட்டையையும் விரித்துரைப்பர். ஆயின், ஆடுகால்களின்மேற் கிடந்து யாவற்றையும் தாங்கிய அச்சுலக்கையைப் பற்றிய பேச்சுக் குறைவு.

அதன் சுமை யாது? மிதிப்பவர் இருவர் 120 கிலோகிராம், நீர்ப்பட்டை 30, துலாமரம் 100 எனக் கொள்வோம். துலா அசையாது நிற்கையில் அச்சுலக்கை தாங்குவது 250 கிலோகிராம். ஆயின் துலா நிற்பதன்று, ஆடுவது. மிதிப்பவர் திரும்புந்தோறும் சுமை கூடியுங் குறைந்தும் வரும். நிமிடத்துக்கு மூன்று பட்டையெனின், ஆறு மணி நேரத்தில் 1,080 முறை அச்சுலக்கை இவ்வாறு அலைக்கப்படும். அது முறியின் மேலே நடப்பவர் கிணற்றில் வீழ்வர். ஒரு முறை தாங்கும் சுமையையே பன்முறை ஏற்றின் உலோகமும் முறியும் என்பதைப் புகைவண்டி அச்சுகளைக்கொண்டு ஆராய்ந்து, 1870ஆம் ஆண்டளவில் நிறுவியவர் யேர்மனியரான அகுஸ்து வோலர்.

உறுப்பினும் பொருத்தே முன்னர்க் கெடும் என்பதற்குக் கொடிய சான்று ஸ்கொத்லாந்தின் தே பாலம். 1879 டிசம்பர் 28ஆம் நாள் புயலில் அது வீழ்ந்தது; அதன்மீது சென்ற புகைவண்டியில் ஒருவரும் உயிர் தப்பவில்லை. சிதைவுகளை இலண்டனில் தேவிட் கேர்க்கால்டி இழுத்துச் சோதித்தார். குறுக்குக் கம்பிகளைத் தூண்களோடு பிணைத்த வார்ப்பிரும்புக் காதுகள் எதிர்பார்த்த வலிமையிற் பாதியுந் தாங்காது முறிந்தன. அவற்றின் துளைகள் துளைகருவியாற் குடையப்படாமல் வார்ப்பிலேயே விடப்பட்டவை. ஒருபுறம் அகன்று மறுபுறம் ஒடுங்கியவை. ஆதலால் ஆணி துளை முழுவதும் படியாது ஒரு விளிம்பிலேயே அழுந்திற்று.

இன்று கணினியின் கட்டளைப்படி மரஞ் செதுக்கும் இயந்திரத்தை வீட்டிலேயே அமைப்போர் உளர். அவருட் பலர் திருகாணியின் பருமனையே நோக்குவர். 6 மில்லிமீற்றர் விட்டமும் 8.8 தரமுமுடைய உருக்குத் திருகாணியொன்று 1,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்கும். அது பற்றிய பலகையின் நாரோ அதிற் சிறு பங்கிலேயே பிய்ந்துவிடும். வெட்டலகின் பக்கவிசை தாங்கு தகட்டுக்கு எத்துணைத் தொலைவிற் படுகின்றதோ அத்துணை நெம்பலும் மிகும்; இடைவிடா அதிர்வு புரியைத் தளர்த்தும்.

தே ஆற்றிற் புதிய பாலம் 1887இல் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் வீழாது எஞ்சிய உத்தரங்கள் பல அதில் மீண்டும் ஏற்றப்பட்டன.