பிசையும் கைகள்: ரெட் நோய்க்குறி ஆய்வின் வரலாறு

1954இல் வியன்னாவில், குழந்தை மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட்டைப் பார்க்க இரண்டு சிறுமிகள் தாய்மார் மடியில் காத்திருந்தார்கள். இருவரும் கை கழுவுவதுபோல விரல்களை ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஒரு குழந்தையை மட்டும் பார்த்திருந்தால் அது அவள் பழக்கம் என்று கடந்து போயிருக்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டதுதான் திருப்பம். தம் நோயாளிகளிடையே தேடிய ரெட், அதே போன்ற மேலும் ஆறு சிறுமிகளைக் கண்டார்.

1966இல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய கட்டுரை, இதை ரத்தத்தில் அம்மோனியா மிகும் மூளைச் சுருக்க நோய் என்று விளக்கியது. அம்மோனியா விளக்கம் பின்னர் நிற்கவில்லை. கட்டுரையும் நெடுங்காலம் வெளியே அறியப்படாமல் கிடந்தது. சுவீடனில் பெங்ட் ஹாக்பெர்க் தனியாகவே இத்தகைய சிறுமிகளைக் கவனித்துவந்தார். 1983இல் அவரும் பிரான்ஸ், போர்ச்சுகல் மருத்துவர்களும் சேர்ந்து 35 சிறுமிகளைப் பற்றி எழுதினார்கள். முதலில் கண்டவருக்கு உரிய மதிப்பளித்து, நோய்க்கு ரெட்டின் பெயரையே சூட்டினார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பில் ஆட்டிசம், அறிவுச் சிதைவு, தள்ளாட்டம், கைப்பயன் இழப்பு ஆகிய நான்கும் இருந்தன. கையைப் பற்றிச் சொன்னது இன்றும் நிற்கிறது. சிதைவு என்ற சொல்தான் பிழையாகிப்போனது.

அதே ஆண்டில், லெபனான் உள்நாட்டுப் போரால் பெய்ரூட்டில் தொடங்கிய மருத்துவப் படிப்பை அமெரிக்காவில் முடிக்க நேர்ந்த ஹுதா ஸோக்பி, ஹூஸ்டனில் குழந்தை நரம்பியல் பயின்றுகொண்டிருந்தார். நன்றாக வளர்ந்து, பிறகு பேச்சையும் கைத்திறனையும் இழந்த ஒரு சிறுமியை அங்கே பார்த்தார். சில நாட்களில், மூளை முடக்குவாதம் என்று முடிவுகட்டப்பட்டிருந்த இன்னொரு சிறுமியின் கைகளும் அப்படியே பிசைவதைக் கண்டார். வியன்னாவில் நடந்ததே இங்கும் நடந்தது.

இது மரபணுக் கோளாறு என்று ஸோக்பி நம்பினார். ஆனால் நிரூபிப்பது கடினம்: ஒரே குடும்பத்தில் இருவருக்கு இந்நோய் வருவது மிக அரிது. மரபணு ஆய்வோ குடும்பங்களை நம்பியது. கிடைத்த சில குடும்பங்களைக் கொண்டு எக்ஸ் குரோமோசோமின் நுனிப்பகுதிவரை தேடலைக் குறுக்கி, அங்குள்ள மரபணுக்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். 1999இல் அவரது ஆய்வகத்தின் ரூத்தி அமிர் மெக்பி2 மரபணுவில் பிழையைக் கண்டார். குடும்பத்தில் வேறு எவருக்கும் நோய் இல்லாத 21 நோயாளிகளில் 5 பேரிடம் அது இருந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த, தந்தையர் வேறான இரு சகோதரியரிடமும் இருந்தது. தாயின் பரிசோதனையில் மட்டும் தென்படவில்லை. ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக்குறைவே காரணம் என்று ஒரு காலத்தில் பழி சுமத்தப்பட்டதை நினைத்தால், நோய்க்கு மரபணுவே காரணம் என்ற இந்த முடிவின் கனம் புரியும். பெரும்பாலான பிழைகள் தந்தையின் விந்தணுவில் புதிதாகத் தோன்றுபவை. அதிலும் யார் குற்றமும் இல்லை. ரெட் இந்தக் கண்டுபிடிப்பை அறியவில்லை, 1997இலேயே காலமாகிவிட்டார்.

மெக்பி2 புரதத்தை 1992இலேயே கண்டறிந்திருந்தவர் ஏட்ரியன் பேர்ட். 2007இல் அவர் குழு, அந்த மரபணு முடக்கப்பட்டு நோயுற்ற எலிகளில் அதை மீண்டும் இயங்கச் செய்தது. முற்றிய நிலையில் இருந்த எலிகளும் தேறின. நரம்பணுக்கள் சாகவில்லை, செயல்தான் குன்றியிருந்தன என்பதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை. ‘சுருக்கம்’, ‘சிதைவு’ என்ற பழைய சொற்கள் இங்கே உடைந்தன. இந்த வரலாற்றில் என்னை மிகவும் அசைத்த இடம் இதுவே.

வகைப்பாடும் மாறியது. அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 1994இல் ரெட் நோயை ஆட்டிசத்துடன் ஒரே பிரிவில் வைத்தது. 2013இல் அந்தப் பிரிவில் தனி நோயாக அது பெற்றிருந்த இடத்தை நீக்கியது. முதல் மருந்தான டிரோஃபினடைடுக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அது சில அறிகுறிகளைத் தணிக்கிறது, மரபணுவைத் திருத்துவதில்லை. திருத்துவதிலும் சிக்கல் உண்டு. மெக்பி2 புரதம் இரட்டிப்பானால் எலிகள் நோயுறுவதை 2004இல் ஸோக்பியின் ஆய்வகம் காட்டியது. அடுத்த ஆண்டே, இந்த மரபணு இரட்டித்த சிறுவர்களிடம் கடுமையான மூளை வளர்ச்சிக் குறை பதிவானது. மரபணு சிகிச்சை தேடுவோர் இன்று ஒவ்வொரு நரம்பணுவுக்கும் எவ்வளவு மெக்பி2 தரலாம் என்ற கணக்கோடுதான் போராடுகிறார்கள்.