கம்பிக்குள் ஓடுவதைக் கண்ணால் பார்க்க

லாஜிக் அனலைசர் என்ற கருவியின் பெயரை இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளாதவர் இந்த வயதில் நம்மில் யாரும் இல்லை. அதை வைத்தே சொல்லிவிடுகிறேன். கையைப் பிடித்து நாடி பார்ப்பது போன்றது மல்டிமீட்டர். நெஞ்சில் பல இடங்களில் ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கோடாக வரைந்து காட்டுவது ஈ.சி.ஜி. கம்ப்யூட்டர் போர்டுகளுக்கு அந்த வேலையைச் செய்வதுதான் லாஜிக் அனலைசர். எந்தக் கம்பியில் எந்த நொடியில் 0, எந்த நொடியில் 1 என்று பத்து, இருபது கம்பிகளை ஒன்றாகப் பிடித்துக் காட்டும்.

மல்டிமீட்டர் ஏன் போதாது என்றால், டிஜிட்டல் கம்பியில் மின்னழுத்தம் நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும். மீட்டர் அதன் சராசரியை மட்டும் சொல்லும். 2.3 வோல்ட் என்று காட்டினால் அதிலிருந்து என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஸ்கோப் நல்ல கருவிதான், ஆனால் நம் ஊர்களில் இருந்தவை இரண்டு கம்பிகளைத்தான் காட்டும். 8085 சிப்பில் தகவல் கம்பிகள் மட்டும் எட்டு, முகவரிக்குப் பதினாறு.

இந்தச் சிக்கல் மைக்ரோபிராசஸரோடு பிறந்தது. இன்டெல்லின் 4004 வந்தது 1971-இல். 1973-இல் ஹியூலெட் பேக்கார்டு 5000ஏ என்ற லாஜிக் அனலைசரை வெளியிட்டது. அதில் திரையே கிடையாது. இரண்டு வரிசை சிவப்பு எல்.இ.டி. விளக்குகள், வரிசைக்கு 32. எரிந்தால் 1, எரியாவிட்டால் 0. நொடிக்கு ஒரு கோடி முறை வரை பார்க்கக்கூடிய கருவிக்கு அவ்வளவுதான் முகம். அடுத்து வந்தவற்றில் திரை வந்தது, கம்பிகள் பெருகின, விலையும் ஏறியது. இங்கே அப்போது இறக்குமதி லைசென்ஸ், சுங்கவரி எல்லாம் சேர்ந்து, அந்தக் கருவியைப் பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்கு வெளியே பார்ப்பதே அரிது.

1980-களின் பிற்பகுதியில் நான் ஒரு தொழிற்கல்வி நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். 8085 பயிற்சி கிட் ஆறு இருந்தன. ஒன்று படுத்தால் கம்பெனிக்கு அனுப்பப் பணம் கேட்க வேண்டும், பணம் வராது. ஓராண்டு தூசி படிந்தபின் கண்டம் செய்து ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். மாணவர்கள் ஆறு பேர் ஒரு கிட் என்று உட்கார்ந்தது, பிறகு பத்துப் பேர் ஒரு கிட் என்று ஆகும். கடைசிப் பெஞ்சில் இருப்பவன் பக்கத்து நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதிவிட்டுப் போவான்.

அதைச் சகிக்காமல் நானும் ஒரு சக ஊழியரும் ஒரு வழி செய்தோம். 8085-இல் ரெடி என்று ஒரு கால் உண்டு. அதைத் தாழ்த்திப் பிடித்தால் சிப் காத்துக்கொண்டு நிற்கும், முகவரியும் தகவலும் கம்பிகளில் அப்படியே நிற்கும். ஒரு ஃபிளிப் ஃப்ளாப்பும் ஒரு சுவிட்சும் போட்டு, ஒரு தட்டுக்கு ஒரு அடி என்று அதை நடக்க வைத்தோம். எட்டுத் தகவல் கம்பிகளிலும் 74244 பஃபர் வழியாக எட்டு எல்.இ.டி. அவர் விளக்குகளைப் படிக்க, நான் நோட்டில் எழுத, ஈபிராமில் இருக்கவேண்டிய பட்டியலோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தோம். ஆறாவது விளக்கு அணையவே இல்லை. சிப்பை எடுத்துப் பார்த்தால் சாக்கெட்டின் ஒரு கால் உள்ளே மடங்கியிருந்தது. ஒரு சாக்கெட் விலையில் கிட் பிழைத்தது.

எங்களுக்கு அப்போது தெரியாமலே ஹெச்.பி.யின் விளக்கு வரிசையைத்தான் வேறு விதத்தில் செய்திருந்தோம். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நிறுத்தி நிறுத்தி நடக்க வைத்தால் நின்று காட்டும் நோய்தான் தெரியும். முழு வேகத்தில் ஓடும்போது மட்டும் வரும் கோளாறு, நிறுத்தினால் மறைந்துவிடும். அப்படிப்பட்ட இரண்டு கிட்டுகள் கண்டம் ஆகத்தான் செய்தன.

இந்தியாவில் இதற்கு மாற்றுத் தேடியவர்களில் முக்கியமானவர்கள், எதிர்பாராத இடத்தில் இருந்தார்கள். டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் என்று ஒன்று உண்டு. அணுக்கருக்களை வேகப்படுத்தி மோதவிடும் பெரிய இயந்திரம் வைத்திருப்பவர்கள். அங்கே அஜித் குமார் என்ற விஞ்ஞானியின் முயற்சியில் 2004-இல் ஃபீனிக்ஸ் என்ற திட்டம் தொடங்கியது. கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு மலிவான அளவீட்டுக் கருவி செய்வது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, இரண்டும்தான் வேலை. ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப், அதைச் சுற்றிக் கொஞ்சம் பாகங்கள், கம்ப்யூட்டரில் பைத்தான் மொழியில் எழுதிய நிரல். அதன் வளர்ச்சிதான் எக்ஸ்ப்-ஐஸ். வரைபடமும் நிரலும் எல்லோருக்கும் திறந்தவை, யார் வேண்டுமானாலும் காப்புரிமைத் தொகை இல்லாமல் செய்து விற்கலாம்.

எக்ஸ்ப்-ஐஸ் முழு லாஜிக் அனலைசர் அல்ல. அலைவடிவம் பார்க்கும், ஒரு கால் எப்போது ஏறியது எப்போது இறங்கியது என்று மைக்ரோசெகண்ட் கணக்கில் சொல்லும். அதே மரபில் வந்த பாக்கெட் சயின்ஸ் லேப் போர்டில் நான்கு கம்பிகளுக்கான லாஜிக் அனலைசரும் சேர்ந்தது. ஆனால் என் மனதில் நிற்பது சிப்பின் பெயர் அல்ல. கருவியோடு ஆசிரியருக்குப் பயிற்சியும் என்று அவர்கள் முதல் நாளே எழுதி வைத்தார்களே, அதுதான். பெட்டி பிரிக்கப்படாமலே கிடக்கும் கருவிகளை நான் நிறையப் பார்த்தவன்.

வெளிநாட்டில் இதே காலத்தில் வேறொரு ஓட்டம். 2010 வாக்கில் ஓப்பன் பெஞ்ச் லாஜிக் ஸ்னிஃபர் என்ற திறந்த வடிவமைப்பு சுமார் ஐம்பது டாலருக்கு வந்தது. அதே ஆண்டு சிக்ராக் என்ற இலவச மென்பொருள் முயற்சி தொடங்கியது. என் கணக்கில் பெரிய திருப்பம் இதுதான். அதுவரை கருவியும் அதன் மூளையும் ஒரே பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. இனி எந்த மலிவான போர்டு வேண்டுமானாலும் கண்ணாக இருக்கலாம், படித்து அர்த்தம் சொல்வதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பலர் சேர்ந்து எழுதியதால் இன்று அதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட தகவல் மொழிகள் புரியும்.

பிறகு 2021 ஜனவரியில் ராஸ்ப்பெரி பை பிக்கோ, விலை நான்கு டாலர். அதன் சிப்புக்குள் கால்களை மட்டும் கவனிக்கும் எட்டுச் சின்னப் பொறிகள் இருக்கின்றன, மெயின் பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தாளம் தவறாமல் பார்க்கும். இதை வைத்து, டாக்டர் குஸ்மான் என்ற புனைபெயரில் எழுதும் ஸ்பெயின்காரர் ஒருவர் 24 கம்பிகளை நொடிக்குப் பத்து கோடி முறை பார்க்கும் அனலைசரைச் செய்து, வரைபடத்தோடு வெளியிட்டுவிட்டார். நினைவகம் சிறியது, நீண்ட நேரம் பதிய முடியாது. எங்கள் கிட்டுகளுக்கு அதுவே தாராளம்.

ஒரு எச்சரிக்கை. பிக்கோவின் கால்கள் 3.3 வோல்ட் தாங்குபவை. பழைய 5 வோல்ட் போர்டில் நேராகச் சொருகக் கூடாது, நடுவில் லெவல் ஷிஃப்டர் வேண்டும். யாராவது பேரப்பிள்ளை உங்கள் பழைய கிட்டைத் திறந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் டிப்ளமோ படிக்கும் பையன், ரிச்சி தெருவில் வாங்கிய பிக்கோவோடு வந்தான். ஈரப்பதம் காட்டும் சென்சார் ஒன்றை ஒட்டி, அதன் ஒரே கம்பியில் போகும் நாற்பது துடிப்புகளைத் திரையில் கொண்டுவந்தான். குட்டையாக இருந்தால் 0, நீளமாக இருந்தால் 1. முதல் எட்டு 78, திருப்பாதிரிப்புலியூரின் ஈரம், நம்பலாம். மூன்றாவது எட்டு 31, வெப்பம். இரண்டாவதும் நான்காவதும் பூச்சியம். "கடைசி எட்டு என்ன தாத்தா?" என்றான். முன்னால் உள்ளதையெல்லாம் கூட்டிப் பார் என்றேன். பேப்பரில் பென்சிலால் கூட்டினான், 109. திரையில் 01101101. அதையும் விரல் விட்டு எண்ணி, 109 என்றுதான் எழுதினான்.