பனம்பழத் தோய்ப்பு

பழுத்த பனம்பழத்தின் களியைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகக் கொண்டு பருத்தித் துணிகளின் அழுக்கையும் கறையையும் போக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டு முறை. உள்நாட்டுப் போரில் வடபகுதிமீது 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது சவர்க்காரம் அரிதாகி, கிடைத்ததும் யானை விலைக்குப் போனதால், கொடிகாமம் உள்ளிட்ட தென்மராட்சி ஊர்களிலும் குடாநாட்டின் ஏனைய பகுதிகளிலும் பலர் இதை நாடினர். ஆனால் பனம்பழம் ஆடி தொடங்கிப் புரட்டாதி வரைதான் தாராளமாக விழும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சியை நிறைத்தபோது பழக்காலம் ஒடுங்கிக்கொண்டிருந்தது. ஆண்டு முழுவதும் பனம்பழத்தில்தான் உடுப்புத் தோய்த்தோம் என்ற நினைவுகளைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பனங்களியில் பிளாபெலிபெரின் எனப்படும் சப்போனின் வகைச் சேர்மங்கள் உள்ளன. பழத்தின் கைப்பும் பிசையும்போது எழும் நுரையும் இவ்வகைச் சேர்மங்களால் வருபவை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸ் குழுவினர் இவற்றை விரிவாக ஆராய்ந்தனர். பனம்பழத்தை வெறும் பஞ்சகாலத்து மாற்றாகப் பார்ப்பது நியாயமன்று. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடப்பதால் பல கிணறுகளின் நீர் வன்னீர். வன்னீரிலுள்ள கல்சியத்தோடு சவர்க்காரம் சேர்ந்தால் கரையாத படிவு உண்டாகி இழைகளுக்குள் தங்கும். வெள்ளை வேட்டி நாளடைவில் சாம்பல் பூப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சப்போனின் அப்படிப் படிவதில்லை, வன்னீரிலும் நுரைக்கும்.

செய்முறை எளிது. தோலை உரித்து, பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, தும்பை வடித்துவிட்டு அந்த நீரில் துணியை ஊறவைப்பார்கள். அவசரமென்றால் உரித்த பழத்தையே துணியில் தேய்த்துக் கல்லில் அடிப்பதும் உண்டு. பிறகு பல தண்ணீரில் அலம்ப வேண்டும். களியின் செம்மஞ்சள் நிறம் கரோட்டினால் வருவது. துணியில் எஞ்சினாலும் நல்ல வெயிலில் வெளிறிவிடும். வாசனை அவ்வளவு எளிதில் போகாது. கொடியில் காயும் உடுப்பை மாடு வந்து சப்பிவிடும் என்று காவல் இருந்த கதையை அக்காலத்தவர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, மண் ஆகியவற்றுக்கு இது போதும். பிடிவாதமான கறைகளிடம் தோற்றுவிடும். பலா, மா, தேங்காய், வாழை என்று விளைபொருள் குவியும் கொடிகாமச் சந்தையில் புழங்குபவரின் சாரமே இதற்குச் சாட்சி. வாழைக் கயர் ஈரமாக இருக்கும்போது நிறமற்றது. காற்றுப்பட்டதும் அதிலுள்ள பீனோல் சேர்மங்கள் ஒட்சியேற்றமடைந்து கபிலமாகி இழையைப் பற்றிக்கொள்ளும். அதைத் துருப்பிடித்த வாளியில் ஊறப்போட்டால் இரும்பு சேர்ந்து மையாகவே கறுக்கும். காய்ந்து பழகிய கயருக்கு வீட்டு வைத்தியம் எதுவும் முழுமையாகப் பலிப்பதில்லை. பலாப்பால் வேறு சாதி: தண்ணீருக்கு மசியாத பிசின். முதலில் தேங்காயெண்ணெய் அல்லது மண்ணெண்ணெய் தடவி இளக்கிய பின்னரே தோய்க்கலாம்.

மஞ்சட்கறை சவர்க்காரம் பட்டதும் சிவந்து பயமுறுத்தும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் காரத்தில் நிறம் மாறுவதே அது. வெயிலே அதற்கு மருந்து. முட்கம்பி வேலியில் காயப்போட்டதால் விழும் துருக்கறைக்கு வெளிற்றும் தூள் போடுவது வீண், துணிதான் நைந்துபோகும். தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவிச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் சித்திரிக்கமிலம் இரும்பைக் கரைத்தெடுக்கும். பின் அமிலம் தங்காதபடி நன்றாக அலம்ப வேண்டும்.

தலைமுறை கண்ட ஏணைச்சீலை, பழஞ்சீலை விரிப்பு, கைத்தறிச் சால்வை போன்றவற்றைக் கல்லில் அடிக்கவே கூடாது. பருத்தி நனைந்தால் கனக்கும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் நைந்த இழை கிழியும். வேறொரு துணியை அடியில் விரித்து, அதோடு தூக்கிப் பாயில் பரப்பிக் காயவிடுவதே நல்லது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள அப்பார்க் மாளிகையின் நைந்த திரைச்சீலைகளை 1930களில் லேடி மீட்-பெதர்ஸ்டன்ஹோ கழுவி மீட்டதும் சப்போனின் உள்ள சப்போனாரியா என்னும் செடியின் சாற்றால்தான். தமிழ்நாட்டில் பட்டுக்குப் பூந்திக்கொட்டை கரைப்பதும் இதே வகை. கூறைச்சேலைக்குப் பனங்களி பொருந்தாது: நிறம் பற்றினால் பருத்தியைப் போலப் பட்டை வெயிலில் கிடத்தி வெளிற்ற முடியாது. பட்டு புரத இழை; காரமும் குளோரினும் அதை அரிக்கும், கடும் வெயில் நொறுங்க வைக்கும்.

பழந்துணியை றங்குப்பெட்டியில் வைக்கும் முன் கஞ்சியை முற்றாக அலம்பிவிட வேண்டும். மாப்பொருளைத் தேடித்தான் பூச்சி வருகிறது. பெட்டியின் தகரம் துணியில் படாதிருக்க, தோய்த்துலர்ந்த வெள்ளைத் துணியை உள்ளே சுற்றிவர விரிப்பார்கள்.