குருமடம்

கத்தோலிக்கத் திருச்சபையில் பங்குக் குருவாக விழையும் இளைஞர் பல்லாண்டு தங்கிப் பயிலும் ஸ்தாபனத்தைக் குருமடம் என்கிறோம். குருவும் மடமும் சம்ஸ்கிருத வழி வந்து தமிழில் வேரூன்றிய சொற்கள். 1563-இல் திரெந்து நகர்ப் பொதுச்சங்கம், மேற்றிராசனந்தோறும் இத்தகைய ஸ்தாபனம் வேண்டுமென விதித்தபோது ஆண்ட லத்தீன் பதமோ ‘செமினாரியம்’. விதையைக் குறிக்கும் ‘செமென்’ என்பதினின்று பிறந்த அதற்கு நேர்ப்பொருள் நாற்றங்கால்.

விடியுமுன் மணியோசைக்கு எழுந்து, மௌனமாய்க் கோவிலுக்குச் சென்று, தியானித்துப் பூசை கண்டு, பகலெல்லாம் தத்துவமும் வேதசாஸ்திரமும் ஓதி, மாலையில் அங்கியைக் களைந்து வேட்டியை மடித்துக்கட்டிக் கத்தரிப் பாத்திக்கு நீர் வார்க்கும் மாணவனைக் காண்கையில், அந்த லத்தீன் பதமே எனக்கு இனிக்கிறது. நெருங்கி நின்று ஒன்றையொன்று தாங்கி வளரும் நாற்று, வேறு வயலில் நடப்படுவதற்கே பறிக்கப்படுகிறது. அபிஷேகம் பெற்றவனும் பெட்டியோடு அறியாத பங்குக்குப் புறப்படுகிறான். மடம் என்னும் சொல்லில் இந்தப் பறித்து நடுதல் இல்லை.