இரண்டு குழாய்க்கு ஒரே வாசல்

கற்பிட்டிப் பக்கம் எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டியில் யாருக்காவது செங்கமாரி கண்டு, ஸ்கேனில் பித்தக் குழாய்க்குள் கல் என்று வந்தால், பைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். கொழும்பில் ஆண் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "வாயால குழாய் விட்டு எடுக்கலாமாம் நானா. ஆனா சதையி வீங்குமாமே?"

வீங்கத்தான் செய்யும், சிலருக்கு. பித்தக் குழாயும் சதையியின் குழாயும் சிறுகுடலுக்குள் திறப்பது பெரும்பாலும் ஒரே வாசலில். 1968இல் அமெரிக்காவில் வில்லியம் மக்கியூன் குழுவினர் வாய்வழியே கருவி செலுத்தி, அந்த வாசலில் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். 1974இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானில் கவாயும் மின்கம்பியால் வாசலைக் கீறிக் கல்லெடுக்க வழி கண்டார்கள். அதுவரை வயிற்றைத் திறப்பதுதான். ஆனால் பித்தக் குழாயைத் தேடும் கம்பி பக்கத்துக் குழாய்க்குள் புகுந்து, சாயமும் அங்கே ஏறி, வாசல் வீங்கிச் சாறு அடைபட்டால், சோற்றைச் செரிக்க வேண்டிய நீர் சதையியையே தின்னத் தொடங்கும். அநேகர் சில நாட்களில் தேறிவிடுவார்கள். அரிதாக உயிரும் போகும்.

எல்லாம் டாக்டரின் கைப்பழக்கம் என்றுதான் இங்கே பேச்சு. அது பாதி உண்மை. 1996இல் மார்ட்டின் ஃப்ரீமன் குழுவினர் வாசல் கீறப்பட்ட 2,347 பேரைப் பின்தொடர்ந்து எழுதினார்கள்: 5.4 சதவீதத்தினருக்குச் சதையி வீங்கியிருந்தது. குழாய் எளிதில் பிடிபடாததும், சதையிக் குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சாயம் போனதும் காரணங்கள். மறுபாதி நோயாளியின் உடம்பில் இருந்தது. வயது குறைந்தவர்களுக்கு ஆபத்து கூட. கல்லே இல்லாமல், வாசல் தசை இறுகியிருக்கிறதோ என்ற சந்தேகத்தில் வெறும் வலிக்காகக் கீறப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது சிக்கல். பின்வந்த ஆய்வுகள் பெண்களையும், முன்பே ஒருமுறை சதையி வீங்கியவர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்தன.

ஆக, கண் மஞ்சளாகி, குழாய் விரிந்து, கல்லோடு வரும் எழுபது வயது வாப்பாவுக்குப் பயம் குறைவு. வலி மட்டுமே உள்ள இளம் மகளைத்தான் இரண்டு தரம் யோசித்து அனுப்ப வேண்டும். அந்த வலிக்கு, கீறியதும் கீறாமல் விட்டதும் ஒன்றுதான் என்று 2014இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அதற்கு முன் கீறப்பட்டவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். இப்போது நோயைக் கண்டுபிடிக்க மட்டும் என்றால் எம்ஆர்ஐ படமே போதும்.

சதையி வீங்காமல் தடுக்கும் மருந்தோ மலிவானது. மூட்டு வலிக்குக் கொடுக்கும் பழைய இண்டோமெதசின்தான், ஆசனவாய் வழியே வைப்பது. 2012இல் 602 பேரிடம் செய்த ஆய்வில், பெரும்பாலும் ஆபத்து கூடியவர்கள் அவர்கள், வீக்கம் 16.9 சதவீதத்திலிருந்து 9.2க்கு இறங்கியது. நம்ம ஆட்கள் வெட்கப்படுகிறார்கள். வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள் என்பேன். சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்வேன். வலி வருவதானால் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் வந்துவிடும். கொழும்பில் செய்துகொண்டால், டாக்டர் போகச் சொன்னாலும் அன்றே பாலாவிச் சந்தி வரை வந்து, கற்பிட்டி வீதியில் ஏறி ஊர் திரும்பாதீர்கள். அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்குங்கள்.